மே மாதத்தில் முழுக்கை

ஏலகிரி
19.1.2025, ஞாயிறு

அன்புள்ள கெசியாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் என் வீட்டுக்காரர் ஆலனும் சுகம். மலைக்குளிர்தான் தாங்க முடியவில்லை. அங்கே ஆம்பூரில் நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? அப்பாவின் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா?

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. உனக்கும் என் தம்பி ஜெர்சனுக்கும் நிச்சயம் முடிந்த அன்றே உங்கள் மாமா ஒருவர் வாட்ஸாப் குரூப் ஆரம்பித்தாரே, அதில் இன்றைக்கு நாற்பத்துமூன்று பேர். நேற்று நான் புத்தி கெட்டுப்போய் ஒரு வெள்ளை கவுன் படத்தைப் போட்டேன். பெங்களூர் அத்தைக்குக் கழுத்து இறக்கம். அரக்கோணம் சித்தப்பாவுக்கு வால் நீளம். ஒருவர் சங்கீதம் ஒன்றைப் போட்டார். என் தம்பி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். எதற்குத் தூக்கினான் என்று அவனுக்கே தெரியாது. யாருக்கும் தெரியாத ஒரு பியூட்டி பார்லர் நம்பரும் உள்ளே நுழைந்து, "ப்ரைடல் பேக்கேஜ் வேணுமா மேம்?" என்று கேட்கிறது. எனக்கு ஒரே பேஜாராகிவிட்டது.

அதனால் உடுப்பு விஷயத்தை நாம் இருவர் மட்டும் கடிதத்தில் பேசிக்கொள்வோம். இங்கே ஹாஸ்டலில் ஞாயிறு மாலை பிள்ளைகள் வீட்டுக்குக் கடிதம் எழுதியே ஆக வேண்டும். வார்டன் நான் சும்மா நின்றுகொண்டிருப்பதற்குப் பதில் உனக்கு எழுதுகிறேன்.

சர்ச்சுக்கு உடுத்தும் வெள்ளையை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பதுதானே நம் வழக்கம். எங்கள் அம்மா அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார். லில்லி டீச்சர் முப்பது வருஷம் பிள்ளைகளை வேலை வாங்கியவர். ரிடையர் ஆன பிறகு நான்தான் மிச்சம். அவருக்கு கவுன்தான் வேண்டுமாம். உனக்கு என்ன வேண்டும் என்று யாரும் உன்னைக் கேட்டதாகத் தெரியவில்லை. நான் கேட்கிறேன். அளவும் எழுதி அனுப்பு.

உன் அண்ணி ஆகப்போகிற,
ஜெனிஃபா


ஆம்பூர்
24.1.2025

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

ஸ்தோத்திரம். நீங்களும் அண்ணனும் நலம் என்று அறிந்து சந்தோஷம். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்திதான், ஆனால் பொங்கலில் கை வைக்காமல் இருக்க அவரால் முடியவில்லை.

கடிதம் எனக்கு வசதிதான். கம்பெனிக்குள் போன் கொண்டுபோக முடியாது, லாக்கரில் வைத்துவிட வேண்டும். நாள் முழுக்க ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுதான் என் வேலை. தையல் விட்டிருக்கிறதா, பசை வழிந்திருக்கிறதா, இடதும் வலதும் ஒரே நிறமா. தப்பு இருந்தால் அந்த இடத்தில் சின்ன அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவேன். எட்டு மணிநேரம் குற்றம் கண்டுபிடிக்கும் பெண் உங்கள் வீட்டுக்கு வருகிறாள், ஜாக்கிரதை.

அளவுகளைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். கவுனோ புடவையோ உங்கள் இஷ்டம். எனக்கு ஒன்றுதான் வேண்டும். கை மணிக்கட்டு வரை முழுசாக இருக்க வேண்டும். கழுத்து மேலே வரை மூடியிருக்க வேண்டும். வலைத்துணி வேண்டாம், உள்ளே தெரியும். ஏன் என்று கேட்பீர்கள். ஒரு காரணம் இருக்கிறது, நேரில் பார்க்கும்போது சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதினேன். கையெழுத்து சரியில்லை என்றால் அதுதான் காரணம்.

அத்தைக்கும் அவருக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
கெசியா


ஏலகிரி
2.2.2025, ஞாயிறு

அன்புள்ள கெசியா,

சுகமா? இங்கே ஆலனுக்கு இருமல், எனக்கு அவரோடு ரோதனை. மற்றபடி நலம்.

அடிப்பாவி! மே மாதம், வேலூர் வெயில், முழுக்கை, மூடிய கழுத்தா? பீடத்துக்கு முன்னால் மயங்கி விழுந்தால் யார் தூக்குவது? என் தம்பியால் ஒரு கேஸ் சிலிண்டரையே தூக்க முடியாது. உண்மையைச் சொல், கையில் பச்சை கிச்சை குத்தியிருக்கிறாயா? பழைய தோஸ்து யார் பேராவது இருக்கிறதா? சத்தியமாக நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

போன சனிக்கிழமை வேலூரில் ஒரு கவுன் கடைக்குப் போனேன். உட்கார்ந்ததும் ஜூஸ் கொடுத்தார்கள். குடித்துவிட்டு வாங்காமல் எப்படி எழுந்து வருவது? அதற்குத்தான் கொடுக்கிறார்கள் என்று பாதி டம்ளரில்தான் புரிந்தது. "கல்யாணம் லைஃப்ல ஒரு தடவைதான் மேடம்" என்றாள் கடைக்காரம்மா. "எனக்கும் ஒரு தடவைதான் ஆச்சு, சாதாப் புடவையில. நல்லாத்தான் கீறேன்" என்றேன். முகத்தில் சிரிப்பு மாறவே இல்லை. கவுனோடு கிரீடம், கிரீடத்தோடு முக்காடு, முக்காட்டோடு மேக்கப், மேக்கப்போடு போட்டோ என்று ரயில் பெட்டி மாதிரி கோத்துக்கொண்டே போனாள். இன்றைக்கே முடிவு சொன்னால்தான் சலுகையாம். நான் தப்பித்து வெளியே வருவதற்குள் என் நம்பரை வாங்கிவிட்டாள். அன்றையிலிருந்து தினமும் போன்.

முழுக்கை கவுன் அங்கே ஒன்று இருக்கிறது. 15ஆம் தேதி சனிக்கிழமை உன் அம்மாவோடு போய்ப் போட்டுப் பார். எனக்கு ஹாஸ்டலை விட்டு வர முடியாது. பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு வா. ஜூஸ் மட்டும் குடிக்காதே.

அன்பு அண்ணி,
ஜெனிஃபா


ஆம்பூர்
18.2.2025

அன்புள்ள அண்ணிக்கு,

ஸ்தோத்திரம். அண்ணனுக்கு இருமல் நின்றதா? துளசியும் மிளகும் போட்டுக் கொதிக்க வைத்துக் கொடுங்கள்.

பச்சை குத்தவில்லை அண்ணி. தோஸ்தும் இல்லை. படித்துவிட்டுச் சிரித்தேன்.

சனிக்கிழமை போனோம். ஜூஸ் குடிக்கவில்லை, ஆனால் அம்மா என் பங்கையும் சேர்த்துக் குடித்துவிட்டார். கவுனைக் கொண்டுவந்து மேஜைமேல் விரித்தார்கள். "பாருங்கம்மா, எல்லாம் ஹேண்ட் வொர்க்" என்றாள் கடைக்காரம்மா. நானும் பார்த்தேன். கல்லெல்லாம் தைத்ததில்லை, பசை போட்டு ஒட்டியது. இடுப்புத் தையல் ஒரு இடத்தில் நழுவியிருந்தது. இடது கையும் வலது கையும் அரை அங்குலம் வித்தியாசம். அண்ணி, எப்படி நடந்தது என்று எனக்கே தெரியவில்லை. என் கைப்பையில் கம்பெனி ஸ்டிக்கர் ரோல் கிடந்திருக்கிறது. பேசிக்கொண்டே தப்பு இருந்த இடத்திலெல்லாம் அம்பு ஒட்டிவிட்டிருக்கிறேன்.

"அய்யோ, இன்னாம்மா பண்ற?" என்று அந்தம்மா கத்தின சத்தத்தில்தான் சுயநினைவு வந்தது. எண்ணிப் பார்த்தால் பதினோரு அம்பு. கடையில் இருந்த இன்னொரு கல்யாணப்பெண் எழுந்து வந்து ஒவ்வொரு அம்பாகக் குனிந்து பார்த்துவிட்டு, தன் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். எனக்கு வெட்கம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுத்துக் கொடுத்தேன்.

அப்புறமும் விடவில்லை. போட்டுப் பார்க்கத்தான் வேண்டும் என்று ட்ரையல் ரூமுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே கொஞ்சம் பேச்சு நடந்தது. அதை எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். கவுன் எடுக்காமல் வந்துவிட்டோம். அம்மாவுக்கு என்மேல் கோபம், இன்னும் தணியவில்லை.

உங்களைச் சிரமப்படுத்துகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
கெசியா


ஏலகிரி
9.3.2025

அன்புள்ள கெசியா,

நலம். அங்கும் எல்லோரும் நலம் என்று நம்புகிறேன்.

பரீட்சை நேரம், அதனால் பதில் தாமதம். அம்பு சமாச்சாரத்தை ஆலனிடம் படித்துக் காட்டினேன், அவர் சிரித்தார்.

அந்தக் கடைக்காரம்மா எனக்கு மறுபடியும் போன் செய்தாள். என்ன பேசினாள் என்று எழுத இப்போது தோன்றவில்லை. ஏப்ரல் 27 முதல் மூன்று ஞாயிறு நம் இரண்டு சர்ச்சிலும் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கப் போகிறார்கள், பத்திரிகை அடிக்கக் கொடுத்தாயிற்று. எனக்கு எழுத வேண்டியது ஏதாவது உன்னிடம் மிச்சம் இருந்தால் எழுது.

ஜெனிஃபா


ஆம்பூர்
14.3.2025

அண்ணிக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் கடிதத்தில் கேலி ஒன்றுகூட இல்லை. அண்ணி என்று கையெழுத்தும் போடவில்லை. உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று அப்போதே புரிந்தது. இருந்தாலும் நானே எழுதுகிறேன்.

எனக்கு இரண்டு கையிலும் முழங்கைக்கு மேலே தோள்வரை வெண்புள்ளி இருக்கிறது. பிடரியிலும் ஒரு உள்ளங்கை அளவுக்கு. பதினெட்டு வயதில் ஒரு பொட்டு மாதிரி வந்தது, இப்போது ஒன்பது வருஷம். தொட்டால் ஒட்டாது. டாக்டர்கள் மருந்து கொடுத்தார்கள், சில இடத்தில் நிறம் வந்தது, சில இடத்தில் போனது. அன்றிலிருந்து முழங்கையைத் தாண்டிய ஜாக்கெட், தழைய விட்ட தலைமுடி. நீங்கள் பெண் பார்க்க வந்தபோது "முடி எவ்வளவு அழகா விட்டிருக்கா" என்று அத்தை சொன்னார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ட்ரையல் ரூமில் ஜிப் போட வந்த பெண் பார்த்துவிட்டுக் கடைக்காரம்மாவைக் கூப்பிட்டாள். அந்தம்மாவுக்குப் பதினோரு அம்புக்கும் சேர்த்துச் சந்தோஷம். "இதுக்குத் தனி பேக்கேஜே இருக்கும்மா. கழுத்துலேந்து விரல்வரைக்கும் ஒரே கலரா பண்ணிடுவோம், பதினாலு மணிநேரம் நிக்கும். மாப்ள வீட்டுக்குத் தெரியுமா?" என்றாள். என் அம்மா, "அதெல்லாம் கேக்காதீங்க, பேக்கேஜ் போட்டுடுங்க" என்றார். நான்தான் கவுனைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

அம்மாவைத் தப்பாக நினைக்காதீர்கள். முதலில் வந்த மூன்று இடத்துக்கும் அவரே உண்மையைச் சொன்னார். மூன்று வீட்டாரும் "ஜெபத்தில் வைக்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இன்னும் ஜெபம் முடியவில்லை போலிருக்கிறது. நாலாவதாக நீங்கள் வந்தபோது, "தாலி ஏறட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்றார்.

அம்மா பன்னிரண்டு வருஷம் எங்கள் கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவில் இருந்தவர். தோலில் முள் கிழித்த தடம், உண்ணி கடித்த தடம் இருக்கும். அதற்காகத் தோலைத் தூக்கிப் போட மாட்டார்கள். அந்தப் பக்கம் ஷூவின் நாக்குக்கு அடியில், மேலே இன்னொரு துண்டு வந்து மூடுகிற இடத்தில் விழும்படி வெட்டுவார்கள். அதில் அம்மா கெட்டிக்காரி. மகளையும் அப்படியே அனுப்பிவிடலாம் என்று நினைத்தார். நானும் சரி என்றேன். அதனால் இது என் தப்பும்தான்.

உங்கள் தம்பிக்கு இன்னும் தெரியாது. இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டுவதும் காட்டாததும் உங்கள் விருப்பம்.

கெசியா


ஏலகிரி
23.3.2025, ஞாயிறு

கெசியா,

சுகமாக இரு. முதலில் என் பாவத்தை எழுதிவிடுகிறேன். கடைக்காரம்மா பிப்ரவரி 20ஆம் தேதியே எனக்குச் சொல்லிவிட்டாள். "பொண்ணுக்கு ஸ்கின் கவரேஜ் சேர்த்து பில் போட்டுடலாமா மேடம்?" என்று கறிவேப்பிலை சேர்க்கட்டுமா என்கிற மாதிரி கேட்டாள். போனை வைத்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். உன்னிடம் கேட்கவில்லை. நீயாகச் சொல்கிறாயா பார்ப்போம் என்று மூன்று வாரம் பரீட்சை வைத்தேன். வார்டன் புத்தி. அது சரியில்லை, மன்னித்துவிடு.

ஆனால் கோபம் கோபம்தான். புள்ளிக்காக இல்லை. நான் பச்சை குத்தினாயா என்று கிண்டல் பண்ண, நீ சிரித்தேன் என்று எழுதினாயே, அதற்கு. நான் உன்னைச் சிரிக்க வைத்தேன் என்று பெருமையாக இருந்தேன். நீ அன்றைக்கு எப்படி இருந்திருப்பாய்? அதை நினைத்தால் இன்னும் எரிகிறது, உன்மேலா என்மேலா என்று தெரியவில்லை.

உன் கடிதம் என் பீரோவில் இருக்கிறது. தம்பியிடம் காட்ட மாட்டேன். நான் சொன்னால் அது வத்தி வைத்ததாகிவிடும். நீ சொன்னால்தான் அது சொன்னது. ஓலை வாசிக்கும் முன் சொல்லிவிடு. "இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம்" என்று போதகர் கேட்கும்போது நீயும் நானும் தலையைக் குனிந்துகொண்டு உட்கார வேண்டாம். இது ஒரு தடை இல்லை. ஆனால் தெரியாமல் இருப்பது தடைதான்.

அவன் நல்லவன். தைரியசாலி என்று சொல்ல மாட்டேன். கரப்பான் பூச்சிக்குக் கட்டில்மேல் ஏறுகிறவன். என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியாது.

உடுப்பை நீயே எடுத்துக்கொள். கவுனும் வேண்டாம், கடைக்காரம்மாவும் வேண்டாம். யாராவது கேட்டால் நான் எடுத்ததாகச் சொல்.

உன் அண்ணி,
ஜெனிஃபா


ஆம்பூர்
22.4.2025

அன்புள்ள அண்ணிக்கு,

உயிர்த்தெழுந்தவரின் நாமத்தில் வாழ்த்துக்கள். உங்கள் கடிதம் வந்து நான்கு வாரம் ஆகிறது. உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பதில் எழுதாததற்குப் பயம்தான் காரணம். அவரிடம் சொல்லாமல் உங்களுக்கு எழுத முகம் இல்லை.

புடவை எடுத்துவிட்டேன். கம்பெனியில் என் பக்கத்து மேஜை அக்தர் பானு அக்காதான் கூட வந்தார். சாயங்காலங்களில் வீட்டில் ஜாக்கெட் தைப்பவர், கடைக்காரர்களை நன்றாகத் தெரியும். "கல்யாணம்னு மட்டும் வாயத் தொறக்காத. தொறந்தா மாடியில கல்யாணப் பட்டுக்கு இட்டுனு போய்டுவான். மாடிக்குப் போனா அவ்ளோதான்" என்றார். பஜாரில் சாதாரணக் கடை. பெரிய வெள்ளிக்கிழமைக்கு ரெண்டு நாள் முன்னால் போனோம். "சர்ச்சுக்கு வெள்ளைப் புடவை" என்று கேட்டேன். கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாச் சர்ச் பெண்களும் அந்த வாரம் வெள்ளைதானே வாங்குவார்கள். சன்னமான வெள்ளிக்கரை போட்ட பட்டு, நாலாவதாக எடுத்துப் போட்டதே பிடித்துவிட்டது. அரை மணியில் வெளியே வந்து டீ குடித்தோம். அக்தர் பானு அக்கா, "கை எவ்ளோ வெக்கட்டும்?" என்று கேட்டார். அவருக்கு என் கை தெரியும். "சொல்றேன்கா" என்றேன்.

நேற்று உங்கள் தம்பியை வேலூர்க் கோட்டைப் பூங்காவுக்கு வரச் சொல்லியிருந்தேன். பெஞ்சில் உட்கார்ந்ததும், பேச்சை வளர்த்தால் சொல்ல மாட்டேன் என்று தெரிந்ததால், ஜாக்கெட் கையை ஏற்றிக் காட்டிவிட்டேன். பார்த்தார். அகழித் தண்ணீரைப் பார்த்தார். "அக்காவுக்குத் தெரியுமா?" என்றார். தெரியும் என்றதும் முகம் சுண்டிவிட்டது. தான்தான் கடைசி என்று வருத்தம். அது நியாயம்தான்.

அப்புறம் சொன்னார், "எனக்கு ஒண்ணும் இல்ல கெசியா. நிஜமாத்தான் சொல்றேன். கல்யாணத்தன்னிக்கு மட்டும் ஃபுல் ஹேண்ட் போட்டுக்கோ. போட்டோ காலத்துக்கும் நிக்கும் இல்ல? எங்க அம்மாவுக்கு அப்புறமா நான் பொறுமையா சொல்லிக்கிறேன்."

அண்ணி, ஏற்றுக்கொண்டார் என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் என் அம்மா சொன்னதையும் கடைக்காரம்மா சொன்னதையும்தான் அவரும் அன்பாகச் சொன்னார். "அந்த ஒரு நாள்தான் எல்லாரும் வர்றாங்க. அன்னிக்கு மூடிட்டா அப்புறம் எந்த நாள்ல தொறக்கிறது? உங்க அம்மா முன்னாடி வீட்லயும் மூடிக்கணுமா?" என்று கேட்டேன். பெஞ்சிலிருந்து எழுந்து, "நான் கை சின்னதாத்தான் தைக்கப் போறேன். என் பக்கத்துல நிக்க முடியும்னா சொல்லுங்க. முடியலன்னாலும் சொல்லுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். கோவிச்சுக்க மாட்டேன் என்று சொன்னது பொய். வாணியம்பாடி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஆம்பூர் வரை அழுதேன். எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது.

ஓலையை நிறுத்தச் சொல்லலாமா என்று கேட்டதற்கு அம்மா என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

கெசியா


ஏலகிரி
4.5.2025, ஞாயிறு மாலை

அன்புள்ள கெசியா,

சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா? அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். இங்கே லீவு விட்டு ஹாஸ்டல் காலி. ஆலன் நலம். எனக்கு மனசு சரியில்லை.

மே தினத்தன்று தம்பி மலை ஏறி வந்தான். வந்ததும் என்மேல் பாய்ந்தான், "எங்கிட்ட ஏங்கா சொல்லல?" என்று. ஒரு பாட்டம் கத்த விட்டேன். பிறகு, "காலேஜ்ல முடி கொட்டுதுன்னு ரெண்டு வருஷம் தொப்பி போட்டுக்கினு திரிஞ்சியே, பொண்ணு பாக்கப் போனப்ப அந்த முன்மண்டைய எப்படிச் சீவி மறைச்சே, ஞாபகம் கீதாடா? அத கெசியா ஒரு வார்த்த கேட்டாளா?" என்றேன். சிரிக்கவில்லை. சாப்பிடவும் இல்லை. சாயங்காலம் வரை ஏரிக்கரையில் தனியாக உட்கார்ந்திருந்தான். போகும்போது, "நான் அவளுக்காகப் பேசறேன்னு நெனச்சேங்கா. எனக்காகத்தான் பேசிக்கிறேன்" என்று மட்டும் சொன்னான்.

வெள்ளிக்கிழமை அம்மாவிடம் அவனே சொல்லிவிட்டான். அங்கேதான் எனக்குப் பயமாக இருக்கிறது. என் அம்மாவுக்குக் கோபம் வந்தால் தெரு முனை வரை கேட்கும். இந்தத் தடவை சத்தமே இல்லை. முழுசாகக் கேட்டுக்கொண்டு, எழுந்து போய் அரிசி களைந்தாராம். நேற்றும் பேசவில்லை. இன்று காலை எங்கள் வேலூர் பாகாயம் சர்ச்சில் இரண்டாவது ஓலை வாசித்தார்கள், உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்து கதவைச் சாத்திக்கொண்டார். நிறுத்து என்றும் சொல்லவில்லை, நடத்து என்றும் சொல்லவில்லை. கத்துகிற அம்மாவை எனக்குச் சமாளிக்கத் தெரியும். கத்தாத அம்மாவை எனக்குப் பழக்கமே இல்லை.

எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. நடந்தாலும் நடக்காவிட்டாலும் எனக்குக் கடிதம் எழுதுவதை நிறுத்தாதே. ஒருவேளை அண்ணி என்று கூப்பிட முடியாமல் போனால் அக்கா என்று எழுது.

ஜெனிஃபா


ஆம்பூர்
12.5.2025, திங்கள்

அன்புள்ள அண்ணிக்கு,

ஸ்தோத்திரம். இங்கே எல்லோரும் சுகம், வெயில்தான் நூற்றைந்து டிகிரி. போனில் உங்களுக்கு யாராவது பாதி சொல்லியிருப்பார்கள். முழுசாக நான்தான் எழுத வேண்டும்.

சனிக்கிழமை வரை உங்கள் வீட்டிலிருந்து ஒரு தகவலும் இல்லை. நேற்று மூன்றாவது ஓலை. அது கல்யாணத்துக்கான ஓலையா, வெறும் காகிதமா என்று தெரியாமல்தான் சர்ச்சுக்குக் கிளம்பினேன். அக்தர் பானு அக்கா மாதிரிக்கு என்று ஒரு நீல ஜாக்கெட் தைத்துக் கொடுத்திருந்தார். கை ஆறு அங்குலம். தலைமுடியை அள்ளிக் கொண்டை போட்டேன். எனக்கே பிடரியில் காற்றுப் படுவது புதுசாக இருந்தது. அம்மா வாசலில் குறுக்கே நின்றார். "எல்லாம் போச்சுன்னாலும் இன்னிக்குப் போகட்டும்மா" என்றேன். விலகினார்.

எத்தனை பேர் திரும்பிப் பார்த்தார்கள் என்று எண்ணவில்லை. கடைசிப் பெஞ்சில் உட்காரலாம் என்று தோன்றியது, வழக்கமான மூன்றாவது பெஞ்சிலேயே உட்கார்ந்தேன். போதகர் ஓலை வாசித்து, தடை தெரிந்தவர்கள் உண்டா என்று கேட்டார். யாரோ ஒருவர் இருமினார். அவ்வளவுதான்.

வெளியே வந்தால் வேப்பமரத்தடியில் அவரும் அத்தையும் நிற்கிறார்கள். ஆராதனை நேரம் முழுக்கப் பின்னால்தான் இருந்திருக்கிறார்கள். பாகாயம் சர்ச்சில் தங்கள் ஓலையை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். அவர் என்னிடம் வந்து, "அன்னிக்கு நான் சொன்னது தப்பு. பயந்துட்டேன். நீ எப்படி வந்தாலும் நான் நிப்பேன்" என்றார். சட்டையெல்லாம் வேர்வை. அண்ணி, ஒரு விஷயம், அவர் முடியைச் சீவி மறைக்காமல் வந்திருந்தார்.

நான் அத்தையைத்தான் பார்த்தேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டே வந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, புள்ளிமேல் விரலை வைத்தார்.

"வலிக்குமாம்மா?" என்று கேட்டார்.

ஒன்பது வருஷத்தில் எவ்வளவோ பேர் எவ்வளவோ கேட்டிருக்கிறார்கள் அண்ணி. எப்போ வந்தது, பரவுமா, பரம்பரையா, பிள்ளைக்கு வருமா, போகுமா. இதை ஒருத்தர் கேட்டதில்லை. டாக்டர்கூடக் கேட்டதில்லை. "வலிக்காதுங்க அத்தை" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"வலிக்கலன்னா பின்ன ஏம்மா மூடி வெச்ச?" என்றார், டீச்சர் குரலில்.

எனக்குப் பின்னாலிருந்து என் அம்மாதான் பேசினார். அத்தனை பேர் நிற்கிற இடத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி.

"அவ மூடலைங்க. நான்தான் மூடி வெச்சேன்."

கெசியா